பள்ளிவாசல் விளக்குகளும் பழங்கண்ணாடி சேகரித்தோரும்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மாநகரில் பான்ஹாம்ஸ் என்னும் ஏல நிறுவனத்தில் ஒரு கண்ணாடி விளக்கு விலைக்கு வந்தது. ஏலம் முடிந்தபோது அதன் விலை 51 இலட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. நம் நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ 55 கோடி ரூபாய். ஏலத்தில் விற்ற கண்ணாடிப் பொருள்களில் இதுவரை எதுவும் இவ்வளவு விலை பெற்றதில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. எகிப்தின் முதல் பிரதமராக இருந்த நூபார் பாஷாவின் குடும்பத்தாரிடம் அந்த விளக்கு நூறாண்டுக்கும் மேலாக இருந்தது. அவர்கள் வீட்டில் அது காய்ந்த மலர்களைச் செருகி வைக்கும் பூச்சாடியாகப் பயன்பட்டு வந்ததாம்!

அந்த விளக்கு யாருடையது என்னும் கேள்விக்கு விடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளிவாசலை அடுத்து, ஹிஜ்ரி 757இல் (கி.பி. 1356) ஸர்கித்மிஷ் என்னும் அமீர் ஒரு மத்ரஸாவைக் கட்டினார். அந்த மத்ரஸாவில் எரிவதற்காகச் செய்யப்பட்ட விளக்கு அது. அமீரின் பெயரும் பட்டங்களும் அதன் உடலில் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் அறப்பணிக்காகக் கொடுக்கப்பட்ட பொருள் தனியார் வீட்டுப் பூச்சாடியாகி, பின்னர் ஏலக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. வக்ஃப் செய்த பொருளை விற்கலாகாது, வாங்கலாகாது, வாரிசுரிமையாகக் கொள்ளலாகாது என்பதை நம் ஜமாஅத்தார் யாவரும் அறிவர். அவ்வாறிருக்க, இத்தகைய பொருள்கள் எவ்வாறு கைமாறின? இவற்றைத் தேடித்தேடிச் சேகரித்தவர்கள் யாவர்? நம் தென்னாட்டுக் கடற்கரைக்கும் இக்கண்ணாடிகளுக்கும் என்ன தொடர்பு? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

விளக்கின் அமைப்பு

மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில், கி.பி. 13, 14ஆம் நூற்றாண்டுகளில், எகிப்திலும் ஷாம் நாட்டிலும் செய்யப்பட்ட பள்ளிவாசல் விளக்குகள் பெரும்பாலும் ஒரே வடிவின. வாய் அகன்று விரிந்திருக்கும், கழுத்து ஒடுங்கும், வயிறு உருண்டு பருத்திருக்கும், கீழே ஒரு பாதம் உண்டு. வயிற்றைச் சுற்றிக் கண்ணாடியாலேயே செய்த வளையங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவ்வளையங்களில் சங்கிலிகளைக் கோத்து விளக்கைக் கூரையிலிருந்து தொங்க விடுவர். இப்பெரிய கண்ணாடிக்குள்ளே ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதில் நீரை ஊற்றி, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயில் திரியை இட்டு ஏற்றுவர். எனவே வெளியே தெரியும் கண்ணாடி, சுடரைக் காற்றிலிருந்து காக்கும் கூடு போன்றது எனலாம்.

இதனைச் செய்யும் வேலை எளிதன்று. மணலையும் செடிச் சாம்பலையும் சேர்த்து உலையில் உருக்க வேண்டும். உருகிய குழம்பை ஊதுகுழலின் முனையில் எடுத்து, ஊதி, உருட்டி, வடிவம் கொடுக்க வேண்டும். ஆறிய பின்னர் நிறக் கண்ணாடிப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் எழுத்தும் பூவேலையும் வரைவர், பொன்னும் பூசுவர். பிறகு மீண்டும் நெருப்பில் காட்ட வேண்டும். இங்கேதான் தொழிலாளியின் கைத்திறன் தெரியும். வெப்பம் குறைந்தால் வண்ணம் ஒட்டாது. மிகுந்தாலோ விளக்கே குழைந்து கோணிவிடும். வண்ணப்பொடி உருக வேண்டும், அடியிலுள்ள கண்ணாடி உருகக் கூடாது. நூல் முறுக்கும் சாயப் பதமும் அறிந்த நம்மூர் நெசவாளருக்கு, பதம் தப்பினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விளக்கின் கழுத்தில் பெரும்பாலும் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய சூரத்துந் நூரின் 35ஆம் வசனம் எழுதப்பட்டிருக்கும். மாடத்தையும் விளக்கையும் கண்ணாடியையும் உவமையாகக் கூறும் அந்த வசனத்தைவிடப் பொருத்தமான வாசகம் ஒரு கண்ணாடி விளக்குக்கு வேறு ஏது? வயிற்றுப் பகுதியில் கொடையாளியின் பெயர் இருக்கும். பல விளக்குகளில் சுற்றிலும் நீல வண்ணம் பூசி, எழுத்துகளை மட்டும் பூசாமல் விட்டிருப்பர். சுடர் ஏற்றியதும் நீலம் இருண்டு நிற்க, எழுத்துகளின் வழியே ஒளி புறப்படும். கொடுத்தவர் யாரென்று படிக்க விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு அது.

பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் ஒரு சின்னமும் காணப்படும். அடிமைப் படைவீரராக வந்து அரசவைப் பதவிக்கு உயர்ந்தவர்கள் மம்லூக் அமீர்கள். அவர்கள் முதலில் வகித்த பதவியை அச்சின்னம் குறிக்கும். சுல்தானுக்குப் பானம் வழங்கும் பதவி எனில் கிண்ணம். எழுத்துப் பணி எனில் மைக்கூட்டுப் பேழை. போலோ மட்டைகளைப் பொறுப்பேற்று வைத்திருந்தவர் எனில் வளைந்த மட்டை. அய்தகீன் அல்-புந்துக்தார் என்னும் அமீரின் அடக்கத்தலத்திற்காக 1285ஐ ஒட்டிச் செய்யப்பட்ட விளக்கில் இரண்டு விற்கள் உள்ளன. அவர் வில் தாங்கும் பதவியில் இருந்தவர். அமீர் கவ்ஸூனின் விளக்கில் கிண்ணம் உள்ளது. இந்த விளக்கிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இதனைச் செய்தவர் அலீ இப்னு முஹம்மத் அல்-பர்மகீ என்று தம் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். கொடுத்தவர் பெயர் எழுதிய விளக்குகள் ஏராளம். செய்தவன் பெயர் எழுதியது மிக அரிது. இவ்விரு விளக்குகளும் இன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜே. பியர்பான்ட் மோர்கன் என்னும் அமெரிக்க வங்கிச் செல்வரின் சேகரிப்பிலிருந்து 1917இல் அங்கே சென்றவை அவை.

விளக்குக்கு முன்

விளக்குகளே புகழ் பெற்றுவிட்டதால், முஸ்லிம் நாடுகளின் கண்ணாடி என்றாலே அவைதாம் நினைவுக்கு வருகின்றன. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கலை வளர்ந்திருந்தது. கெய்ரோவுக்கு அருகிலுள்ள ஃபுஸ்தாத் என்னும் பழைய நகரின் அகழாய்வில் ஒரு கண்ணாடிக் குவளை கிடைத்தது. உலோகம் போன்ற மினுமினுப்பு ஏற்றிய அக்குவளையில் அப்துஸ் ஸமத் இப்னு அலீயின் பெயர் உள்ளது. அவர் 773இல் சிறிது காலம் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். ஆதலால் அக்குவளையின் காலத்தை ஓராண்டளவில் சொல்லிவிட முடிகிறது.

அக்காலத்துக் கண்ணாடியில் நம் சிந்தைக்கு மிகவும் இனிப்பது குவளையோ விளக்கோ அன்று, எடைக்கல்! உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் தீனார் நாணயத்தை ஒழுங்குபடுத்திய பின், அதன் எடை ஏறத்தாழ நாலேகால் கிராம் என்று நிலைபெற்றது. எகிப்தில் அந்த எடையைச் சரிபார்க்கக் கண்ணாடி வில்லைகளை வார்த்து, ஆளுநரின் முத்திரையைப் பதித்தனர். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு தேயும், அதனைச் சுரண்டி எடை குறைப்பவனைக் கண்டுபிடிப்பதும் கடினம். கண்ணாடியோ தேயாது, சிறிது உடைத்தாலும் உடைந்த இடம் உடனே தெரிந்துவிடும். அளவையில் நேர்மை வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்ற இதைவிட நல்ல பொருள் அக்காலத்தில் இல்லை. புகழ்பெற்ற தொல்லியல் அறிஞர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தில் இவற்றைச் சேகரித்து 1926இல் ஒரு நூலே வெளியிட்டார். விளக்குகளைத் தேடிய செல்வர்கள் பலர் இந்தச் சிறு வில்லைகளைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், எந்த ஆளுநர் எந்த ஆண்டில் இருந்தார், சந்தையில் எந்தெந்தப் பொருளுக்கு அளவுகள் இருந்தன என்பவற்றை வரலாற்றாசிரியர்களுக்குச் சொன்னவை இவ்வில்லைகளே.

ஈரானின் நீஷாப்பூரில் 1935 முதல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் நடத்திய அகழாய்விலும் கண்ணாடிப் பொருள்கள் கிடைத்தன. வாசனைத் தைலக் குப்பிகள், மைக்கூடுகள் ஆகியவற்றோடு, பக்கவாட்டில் நீண்ட குழாய் உள்ள சிறு கிண்ணங்களும் இருந்தன. அவை ஹிஜாமா செய்யப் பயன்பட்டவை எனக் கருதப்படுகின்றன.

கடல் கடந்து வந்த கண்ணாடி

நம் சங்கரன்கோவில் கரிசல் மண்ணும் தறிச்சத்தமும் கொண்ட உள்நாட்டு ஊர். எனினும் இங்கிருந்து கிழக்கே தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் உள்ள பழையகாயல், ஒரு காலத்தில் அரபு நாட்டுக் கப்பல்களின் பெருந்துறையாக விளங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் காயலில் நிற்பதாக எழுதினார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மஃபர் எனப்பட்ட இக்கரைக்கு வந்தன என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக வீற்றிருந்ததும் அக்காலத்திலேயே.

அக்கப்பல்களில் குதிரையோடு வேறென்ன வந்தன? இதற்கு எழுத்துச் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. ஃபுஸ்தாத் நகரின் யூத ஆலயத்தில், இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதற்காகப் பழைய தாள்களை எறியாமல் ஓர் அறையில் போட்டு வைத்திருந்தனர். கெனீஸா எனப்படும் அந்த அறையிலிருந்து இலட்சக்கணக்கான தாள்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்தன. அவற்றுள் ஆபிரகாம் பின் யிஜூ என்னும் யூத வணிகரின் கடிதங்களும் உள. துனீசியாவில் பிறந்த அவர், 1132ஐ ஒட்டி மங்களூருக்கு வந்து, ஏறத்தாழ 17 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர். வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். மிளகையும் உலோகப் பாத்திரங்களையும் அவர் ஏடனுக்கு அனுப்ப, ஏடனிலிருந்த நண்பர்கள் அவருக்குத் தாள், சர்க்கரை, உலர்திராட்சை, சோப்பு ஆகியவற்றுடன் கண்ணாடிப் பாத்திரங்களையும் அனுப்பினர். அக்காலத்து மேலைக்கரையில் கண்ணாடிக் குவளை என்பது கடிதம் எழுதிக் கேட்டு வரவழைக்கும் பொருளாக இருந்தது.

ஏடன் துறையை ஆண்ட யமன் நாட்டு ரசூலிய சுல்தான்களுக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. சுல்தான் அல்-முளஃப்பர் யூசுஃபின் (1250-1295) ஆட்சிக்காலத்து ஆவணங்களில், குஜராத் முதல் சோழமண்டலக் கரை வரை இருந்த துறைமுக ஊர்களின் காஜிகளுக்கும் கதீப்களுக்கும் ஏடன் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் சென்ற உதவித்தொகைப் பட்டியல் உள்ளது. அதே ரசூலிய மரபினர் மம்லூக் நாட்டுப் பட்டறைகளில் தம் அரச முத்திரையாகிய ஐந்திதழ் மலரைப் பொறித்துக் கண்ணாடிக் கலங்களைச் செய்வித்துக் கொண்டனர். அவற்றுள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆக, கண்ணாடி செய்வித்த கை ஒருபுறம் கெய்ரோவையும் மறுபுறம் நம் கரைப் பள்ளிவாசல்களையும் தொட்டிருக்கிறது.

இத்தடயங்களை நிலத்தில் தேடியவர்களுள், நம் மாவட்டத்து வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டியவர் பேராயர் இராபர்ட் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அவர், பழையகாயலைச் சுற்றி இரண்டு மூன்று மைல் பரப்பில் நடந்து பார்த்தார். ஓடுகளும் மட்கலச் சில்லுகளும் நிலமெங்கும் சிதறிக் கிடந்தன. சீனப் பீங்கானின் உயர்ந்த வகையும் தாழ்ந்த வகையும், அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டே மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் இதுதான் என்று அவர் துணிந்தார்; 1877இல் கட்டுரையாகவும், 1881இல் தம் திருநெல்வேலி வரலாற்று நூலிலும் எழுதினார். அவர் ஏலத்தில் ஒரு பொருளையும் வாங்கவில்லை. குனிந்து பொறுக்கினார், எங்கே கிடைத்தது என்று எழுதினார். சேகரிப்பு என்னும் சொல்லுக்கு அதுவே உயர்ந்த பொருள் என்பது நம் கருத்து.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையின் மாந்தை என்னும் பழந்துறையில் ஜான் கார்ஸ்வெல் தலைமையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் சீனப் பீங்கானோடு மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தது. போர்ச் சூழலால் பணி நின்றுபோயிற்று. ஆயினும் எடுத்தவற்றின் குறிப்புகள் காப்பாற்றப்பட்டு, 2013இல் அறிக்கை நூலாக வெளிவந்தது. குஜராத்தின் சஞ்சான் துறைமுகத்திலும் இத்தகைய கண்ணாடிச் சில்லுகள் கிடைத்துள்ளன. 926ஆம் ஆண்டின் சிஞ்சணிச் செப்பேடு கூறுவதைப் பார்த்தால், அந்தப் பகுதியை இராட்டிரகூட மன்னரின் சார்பில் ஆண்டவர் ஓர் அரபு முஸ்லிம். முஹம்மத் என்பதனை மதுமதி என்று எழுதியிருக்கின்றனர்! சீனாவில் ஃபாமென் கோயிலின் நிலவறை 874இல் மூடப்பட்டு 1987இல் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ இருபது கண்ணாடிக் கலங்கள் முழுமையாக இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளில் செய்யப்பட்டவை. பௌத்தத் துறவிகள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிகராக அவற்றைப் புதைத்து வைத்திருந்தனர்.

உடைந்த கண்ணாடிக்கும் அக்காலத்தில் மதிப்பு இருந்தது. துருக்கியின் தென்மேற்குக் கரையில் செர்ச்சே லிமானி என்னுமிடத்தில், 1025ஐ ஒட்டி ஒரு கப்பல் மூழ்கியது. ஜார்ஜ் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் 1977 முதல் 1979 வரை அதனை ஆய்ந்தபோது, ஃபாத்திமிய ஆட்சிப் பகுதியிலிருந்து ஏற்றிய மூன்று டன் கண்ணாடி அதில் இருந்தது. ஒரு பகுதி மூலக் கண்ணாடிக் கட்டி. மற்றொன்று உடைந்த பாத்திரத் துண்டுகள். மீண்டும் உருக்குவதற்காக அவற்றைச் சேர்த்து அனுப்பியிருக்கின்றனர். இன்று பழைய இரும்பு, பழைய குப்பி வாங்குவோர் தெருவில் செய்வதை அன்று கப்பல் வைத்துச் செய்தனர். அத்துண்டுகள் இப்போது துருக்கியின் போத்ரும் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன. அவற்றை வகை பிரித்து ஒட்டவே ஆய்வாளர்களுக்குப் பல்லாண்டுகள் ஆயின.

உலை அணைந்தது

1401இல் தைமூரின் படை திமிஷ்க் நகரை அழித்துக் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டு சென்றதால் இக்கலை நலிந்தது என்று பல நூல்கள் கூறும். அது ஒரு காரணம். எகிப்தின் பொருளாதாரத் தளர்ச்சியும், வெனிஸ் நகரத்துக் கண்ணாடியின் போட்டியும் சேர்ந்தே உலைகளை அணைத்தன என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. 1569இல் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் ஸொகொல்லு முஹம்மத் பாஷா, வெனிஸ் தூதர் வழியாகத் தொள்ளாயிரம் பள்ளிவாசல் விளக்குகளுக்கு ஆணை கொடுத்தார். எந்த ஷாம் நாட்டிலிருந்து வெனிஸ் தொழில் கற்றதோ, அந்த ஷாம் அப்போது உதுமானியரின் கையில்தான் இருந்தது. ஆனால் விளக்கு வெனிஸிலிருந்து வந்தது! கலையை இழந்த சமூகம் தொழுமிடத்து விளக்குக்கும் அயலாரை நம்ப நேர்ந்தது.

சேகரித்தோர்

ஐரோப்பியர் இவற்றைப் போற்றியது புதிதன்று. சிலுவைப் போர்க் காலம் முதற்கொண்டே ஷாம் நாட்டுக் கண்ணாடி அவர்களுடைய தேவாலயக் கருவூலங்களில் இடம் பெற்றது. இங்கிலாந்தின் ஈடன்ஹால் என்னும் மாளிகையில் மஸ்கிரேவ் குடும்பத்தார் ஒரு ஷாம் நாட்டுக் குவளையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அது தேவதைகள் விட்டுச்சென்றது, உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டம் போய்விடும் என்று அவர்கள் நம்பினர். கண்ணாடியைத் தோல் உறையில் வைத்திருந்தனர். அந்த நம்பிக்கை மூடத்தனமே. ஆயினும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கீறலுமின்றி அது இருப்பதற்கு அந்த நம்பிக்கையே காரணம் என்பதையும் மறுப்பதற்கில்லை. 1958இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியது.

பள்ளிவாசல் விளக்குகள் கூட்டமாக வெளியேறியது 19ஆம் நூற்றாண்டில். கெய்ரோவின் பழைய பள்ளிகள் பல பராமரிப்பின்றிக் கிடந்தன. வக்ஃப் வருமானம் குன்றியது, கூரை ஒழுகியது, விளக்குகள் தூசி படிந்து தொங்கின. ஐரோப்பியப் பயணிகளும் தூதர்களும் விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தனர். கெய்ரோவில் ஒரு சந்தையே உருவாயிற்று. பிரெஞ்சுக் கீழைத்தேய அறிஞர் சார்ல்ஸ் ஷேஃபர், ரோத்ஸ்சைல்டு குடும்பத்தார் எனப் பலர் வாங்கிச் சேர்த்தனர். நாம் முதலிற் கண்ட ஸர்கித்மிஷ் விளக்கும் ஷேஃபரிடம் இருந்து, 1906இல் நூபார் குடும்பத்தாரிடம் சென்றதே. இலண்டனில் ஃபீலிக்ஸ் ஸ்லேடு என்பவர் எல்லா நாட்டுக் கண்ணாடியையும் வாங்கிக் குவித்து, 1868இல் இறந்தபோது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பொருள்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விட்டுச்சென்றார்.

தேவை மிகுந்தால் போலியும் பிறக்கும். பாரிஸ் நகரின் ஃபிலிப் ஜோசப் ப்ரொகார் என்னும் கண்ணாடிக் கலைஞர் மம்லூக் விளக்குகளைப் பார்த்துப் பழகி, அதே வகையில் எனாமல் வேலை செய்து 1867ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தார். அவர் தம் பெயரைப் பொறித்தே விற்றார், குற்றம் அவருடையதன்று. ஆனால் பெயரில்லாப் படிகள் பழம்பொருளாகக் கைமாறவும் வழி பிறந்தது. அரபு எழுத்துகளைப் பொருள் தெரியாமல் பார்த்து வரைந்தவர்கள் எழுத்தைப் பிழையாக எழுதியதே பல போலிகளைக் காட்டிக் கொடுக்கிறது.

விற்றவர்கள் யாவர் என்பதையும் மறைக்கலாகாது. பள்ளியைக் காக்க வேண்டியவர்களின் கையைக் கடந்துதான் எந்த விளக்கும் வெளியே போயிருக்க முடியும். ஐரோப்பியர் கொள்ளையடித்தனர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மை. அதே வேளையில், அவர்கள் வாங்கியிராவிட்டால் இவை உடைந்தழிந்திருக்கும் என்று சில அருங்காட்சியகத்தார் சொல்வதும் பாதி உண்மையே. 1881இல் எகிப்தில் அரபுக் கலைச் சின்னங்களின் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, சுல்தான் ஹஸன் பள்ளி முதலியவற்றில் எஞ்சியிருந்த விளக்குகள் கெய்ரோவிலேயே திரட்டப்பட்டன. முதலில் அல்-ஹாக்கிம் பள்ளியின் வளாகத்தில் வைக்கப்பட்ட அவை, 1903இல் பாபுல் கல்க்கில் எழுந்த புதிய அருங்காட்சியகத்திற்கு மாறின. உலகிலேயே மம்லூக் விளக்குகள் மிகுதியாக உள்ள இடம் இன்றும் அதுவே. அயலாரிடம் விற்காமலும் அழியாமலும் காக்க வழி இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. காஸ்டன் வியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1929இல் அங்குள்ள விளக்குகளுக்கெல்லாம் ஓர் அட்டவணை நூல் தயாரித்து, ஒவ்வொன்றின் வாசகத்தையும் படித்துப் பதிப்பித்தார்.

2014 ஜனவரி 24 அன்று, எதிரிலிருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார் குண்டு அந்த அருங்காட்சியகத்தையும் சிதைத்தது. பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்த கண்ணாடி விளக்குகள் சில நொடியில் நொறுங்கின. சேதமுற்றவை 179 பொருள்கள். அவற்றுள் 160ஐச் செப்பனிட்டு, 2017 ஜனவரியில் மீண்டும் திறந்தனர். தரையிலிருந்து பொறுக்கிய சில்லு எந்த விளக்கினுடையது என்று தெரிந்தால்தானே ஒட்ட முடியும்!

நம் பள்ளிகளில்

நம் வட்டாரத்துப் பழைய பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் மம்லூக் விளக்குகள் இல்லை. ஆயினும் வண்ணக் கண்ணாடிக் கிண்ணங்கள், குளோப் விளக்குகள், பித்தளைத் தொங்கு விளக்குகள், நீண்ட சுவர்க் கடிகாரங்கள், அரபுத்தமிழ் கையெழுத்துப் படிகள் ஆகியன பல இடங்களில் உள்ளன. பர்மாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கச் சென்றவர்கள் ஊர் திரும்பும்போது பள்ளிக்கென வாங்கி வந்தவையும் அவற்றில் உண்டு. மின்விளக்கு வந்ததும் அவை பரணுக்குச் சென்றன. பள்ளியைப் புதுப்பிக்கும்போது பரண் காலியாகிறது. பித்தளை எடைக்குப் போகிறது. கண்ணாடி குப்பைக்குப் போகிறது. கொடுத்தவரின் பெயர் பித்தளை அடித்தட்டில் வெட்டப்பட்டிருந்தால், அதுவும் சேர்ந்தே உருகுகிறது.

வக்ஃப் பதிவேட்டில் நிலமும் கடையும் சர்வே எண்ணுடன் இருக்கும். விளக்குக்கும் கிதாபுக்கும் பெரும்பாலும் ஒரு வரியும் இராது. பதிவில்லாத பொருள் காணாமற் போனால் கேட்பாரில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க கையெழுத்துப் படியும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல முடியாது. ஆனால் அப்பொருள் நம்மிடம் இருந்தது என்று காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஒரு நீண்ட கணக்குப் புத்தகம் போதும். பொருளின் பெயர், உயரம், அகலம், எந்த உலோகம் அல்லது எந்த நிறக் கண்ணாடி, எங்கே உடைந்துள்ளது, எந்த இடத்தில் தொங்கியது, யார் கொடுத்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஆகியவற்றை எழுத வேண்டும். எழுத்து வெட்டியிருந்தால், புளி போட்டு விளக்குவதற்கு முன் அதனை எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுத வேண்டும். கைப்பேசியில் நான்கு பக்கமும் படமெடுத்து, அப்படத்தை அச்சிட்டு ஒட்ட வேண்டும். முத்தவல்லி மாறும்போது சாவிக் கொத்துடன் இந்தப் புத்தகத்தையும் ஒப்படைத்து, பொருள்களை எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும்.